ஜோதிலிங்கம் கேட்ட பாதை

பலசரக்குக் கடை ஜோதிலிங்கம் அன்றைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைந்தார். காற்று இறங்கவில்லை, செயினும் கழன்றுவிடவில்லை. எல்லாம் பொதுத்தொண்டு.

"என்ன அண்ணாச்சி, ஏறிப் போனா என்ன?" என்றான் பொன்னுச்சாமி, தறி வீட்டு வாசலில் நின்றபடி.

"ஏறிட்டா நாலு பேருகிட்ட நின்னு பேச முடியுமாப்பா? அது கிடக்கட்டும், நம்ம பாதை விஷயம் என்ன முடிவு பண்ணியிருக்க?"

பொன்னுச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அருப்புக்கோட்டையில் தெற்குக் கண்மாய்க் கரையை விட்டால் பாவு விரிக்க அவனுக்கு வேறு இடம் கிடையாது. நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக் காயப்போட்டிருக்கும்போது புழுதி விழுந்தால், நெய்கிற சேலை கோணிச் சாக்கு மாதிரி ஆகிவிடும். அந்தக் கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட வேண்டும் என்று இந்த மனிதர் ஒற்றைக் காலில் நிற்கிறார்.

'கரையை ஒட்டிய தெருக்காரர்கள் எல்லாரும் சரி என்று சொன்னால் வெட்டித் தருகிறோம்' என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்களாம். அன்றைக்குத் தொடங்கியது அவருடைய படையெடுப்பு.

வீடு வீடாகப் போய், நடந்தால் சீனி வியாதி அண்டாது என்றார். கடைக்கு மல்லி வாங்க வந்தவர்களிடம், சைக்கிள் மிதித்தால் மூட்டுவலி ஓடிவிடும் என்றார். ஒரு துட்டி வீட்டில் போய், "அவுக மட்டும் தினம் நடந்திருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாக" என்று சொல்லிவிட்டு, அடி வாங்காமல் தப்பித்து வந்தது அவர் செய்த புண்ணியம்.

தெருவே மசிந்துவிட்டது. மீதி இருந்தவன் பொன்னுச்சாமி ஒருத்தன்தான்.

"பாவுல புழுதி விழுந்தா என் பொழப்புலயும் புழுதிதான் அண்ணாச்சி. முடியாது."

"நீ தினமும் காலையில பாவு போட்டு எடுத்துக்கோ. அதுக்கப்புறம் பாதையத் தொறந்தாப் போதும். மத்தியானம் ஒரு மணிக்குத் தொறந்தாக்கூட எனக்குச் சம்மதம்."

"ஒரு மணி வெயில்லயா? அந்நேரத்துக்கு நம்மூர்ல காக்காகூட வெளிய வராதே!"

"அதான் நல்லது" என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, "நல்லா வேர்க்குமில்ல, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

உள்ளேயிருந்து பொன்னுச்சாமியின் மனைவி காளீஸ்வரி குரல் கொடுத்தாள். "அதான் பாவ எடுத்தப்புறம்னு சொல்றாகல்ல, சரின்னு சொல்லுங்களேன். தறிக் குழியில ஒக்காந்து ஒக்காந்து ஒங்க தொப்பை தறியத் தொடுது!"

அவன் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினான். ஆனால் முள்ளை வெட்டியதும் அவனுக்கே வாயெல்லாம் பல். கரை சுத்தமானதில் பாவு விரிக்கிற இடமும் இரண்டு மடங்காகிவிட்டது.

அதற்குப் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. லைட்டு வேண்டும் என்றது ஒரு தெரு. உட்கார பெஞ்சு வேண்டும் என்றது இன்னொரு தெரு. திறப்பு விழாவுக்கு மைக் செட்டு வைத்தே தீர வேண்டும் என்றான் பொன்னுச்சாமி.

ஜோதிலிங்கத்தின் முகம் மட்டும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. "எதுக்குப்பா லைட்டு? எதுக்கு விழா? ஒத்தையடிப் பாதையாச் சும்மா கிடந்தாப் போதாதா?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினார்.

'எவ்வளவு தன்னடக்கம்! இந்த மனுசரோடயா மல்லுக்கு நின்னோம்' என்று பொன்னுச்சாமிக்கு மனசு உறுத்தியது. அதற்குப் பரிகாரமாக ஒரு காரியம் செய்தே ஆகவேண்டும் என்று நினைத்தான்.

திறப்பு விழா அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டி.வி.யில் போடுகிற படத்தைக்கூட விட்டுவிட்டு ஊரே கரையில் நின்றது. எம்.ரெட்டியபட்டியிலிருந்துகூட பஸ் ஏறி வந்திருந்தார்கள். காரச்சேவு விற்கிறவர் தட்டு காலியாகி, இரண்டாவது தட்டுக்கு வீட்டுக்கு ஓடினார்.

பொன்னுச்சாமி ஜோதிலிங்கத்தின் சைக்கிளைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கரையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஜோதிலிங்கத்தின் கழுத்தில் கனத்த சம்பங்கி மாலை ஒன்றைப் போட்டுவிட்டு, மைக்கைக் கையில் பிடித்தான்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நமக்காகத் தெருத் தெருவா அலைஞ்சு இந்தப் பாதைய வாங்கித் தந்தவுக நம்ம அண்ணாச்சி. அதனால, இந்தப் பாதையில மொத ஆளா சைக்கிள்ல ஒரு சுத்து சுத்தி வரப்போறதும் அவுகதான்!"

கைதட்டலில் கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின. சின்னப் பிள்ளைகள் விசிலடித்தார்கள்.

ஜோதிலிங்கம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெடலில் ஒரு காலை வைத்தார். பிறகு அதையும் எடுத்துவிட்டார்.

"ஏறுங்கண்ணாச்சி, ஏறுங்க! ஊரே பாத்துக்கிட்டு இருக்கு!"

ஜோதிலிங்கம் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஓடுவதற்குக்கூட ஓர் இடைவெளி இல்லை. மெல்லக் குனிந்து, பொன்னுச்சாமியின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

பொன்னுச்சாமி மைக்கை இன்னும் கீழே இறக்கவில்லை. வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் ஜோதிலிங்கத்தின் ரகசியக் குரல் கண்மாய் முழுக்கக் கேட்டது.

"ஏலே, யாரும் பாக்காம சைக்கிள் பழகலாம்னுதான்லே நான் இந்தப் பாதையவே கேட்டேன்!"