பிரம்மசக்தி எப்படி இருக்கிறார்?

அரசுக் காப்பீட்டில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மாதாமாதம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காக மருத்துவமனையிலிருந்து ஜெசிந்தா எல்லோரையும் தொலைபேசியில் அழைப்பாள். பிரம்மசக்தியைக் கேட்டால் எப்போதும் கணவர் சங்கரலிங்கம்தான் பேசுவார். "நல்லா இருக்காம்மா. இப்பதான் கண்ணசந்தா" என்பார்.

இந்த மாதம், நோயாளியே பேச வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. "கொஞ்சம் எழுப்புங்க ஐயா, ஒரு வார்த்தை பேசினாப் போதும்" என்றாள் ஜெசிந்தா.



"அவ சித்திரையிலயே போயிட்டாம்மா" என்றார் சங்கரலிங்கம். "சொன்னா பேர எடுத்துருவீங்க. அப்புறம் அவளப் பத்தி யாரு கேப்பா? பெத்த பிள்ளைங்களே கேக்கறதில்ல."

இறந்துவிட்டார் என்று பதிந்துவிட்டால் இனி அந்த எண்ணுக்கு அழைப்பு போகாது. பதியாமல் இருக்கவும் முடியாது. ஜெசிந்தா பதிந்தாள். ஆனால் போனை வைக்க மனம் வரவில்லை.

"அம்மா சாப்பாடெல்லாம் சரியா சாப்பிடுறாங்களா ஐயா?" என்று கேட்டாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"நான் சாப்பிடாம அவ சாப்பிட மாட்டாளேம்மா. நான்தான் இன்னும் சாப்பிடல."