வழி காலிதான்

ஆத்திய தே தாரிக் டீயை லோஷினியின் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டு, துடைக்கிற சாக்கில் "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டேன். என் ராசி அப்படி.

அவள் சட்டையை உதறிக்கொண்டு முன்னால் திரும்பினாள். அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற பெரிசு சீறிக்கொண்டு போய் மறைந்தது. அவள் நகரவில்லை. கானல் மிதந்த பாதையைக் கனவில் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வழிதான் காலியா கிடக்கே. என்மேல கோவம்னா சொல்லிடு லா."

"அலமாக், சும்மா இருங்க! அந்தப் பெரிய விமானம் விட்டுட்டுப் போன சுழல்காத்து கண்ணுக்குத் தெரியாது. இப்பவே கிளம்பினா நம்ம குட்டி விமானத்தப் புரட்டிப் போட்டுடும்."

இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து, செனாய் விமான நிலைய ஓடுபாதை கீழே நழுவியது. செம்பனைத் தோட்டங்கள் பச்சைப் பாயாக விரிந்தன. மேகம் ஒன்று இறக்கையைத் தடவிப் போனது.

"கட்டிக்கிறேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட வந்து பேசுங்க."