முப்பது கால் சுற்று

"பதினெட்டு" என்றான் அவன், ஏணியடியில் நின்றபடி.

மேலே அவன் மனைவி இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி இன்னொரு கால் சுற்று இழுத்தாள். கார் ஷெட் கதவுக்கு மேலே குறுக்கே கிடந்த புது ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

இந்தக் கதவுக்கு முப்பது கால் சுற்று முறுக்கு ஏற்ற வேண்டும். ஒன்று குறைந்தால் கதவு கனக்கும், அவ்வளவுதான். நாலைந்து கூடிப்போனால் தொலைந்தது. கடல் காற்று தின்ற சுவர். ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகுகளில் இரண்டைத்தான் மாற்ற முடிந்தது. மற்றவை துருவேறி அசைந்து கொடுக்கவே இல்லை. அவை பிடுங்கிக்கொண்டு வந்தால் முதல் அடி அவள் முகத்துக்குத்தான்.

போன வருடம் இதே மாதிரி ஒரு அடி அவனுக்குத் தோளில் விழுந்தது. அன்றோடு வலது கை போயிற்று. தோளுக்கு மேலே தூக்க வராது. ஏணி ஏறுவது அவள் வேலையானது. இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு எண்ணுவது அவன் வேலை. போகிற வீட்டிலெல்லாம் "இவர்தான் எங்க கணக்குப்பிள்ளை" என்பாள். அவனும் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது?

"பத்தொன்பது."

வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். அந்த வாய் சும்மா இருக்குமா? காலையிலிருந்து பின்னாலேயே நின்று, எங்க கதவு மட்டும் ஏன் துருப்பிடிக்குது, பக்கத்து வீட்டுக் கதவு ஏன் பிடிக்கல என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு பெருமூச்சு விட்டார்.

"இருபத்திமூணு வருஷமாச்சு தம்பி இந்தக் கதவு போட்டு. இதோட பதினாறு தடவ ரிப்பேர்!"

இருபத்து மூன்று. பதினாறு. அவன் வாயைத் திறந்தான். வாயில் எண்ணே வரவில்லை.

பத்தொன்பதிலேயே நிற்கிறதா, இருபது ஆகிவிட்டதா? அவர் பேசும்போது அவள் இழுத்தாளா? ஒரு தரமா, இரண்டு தரமா? இழுத்த சத்தம் காதில் விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது.

"இருபத்தொண்ணு" என்றான், குருட்டாம்போக்கில்.

அவள் இழுத்தாள்.

"இருபத்திரண்டு."

சொல்லிவிடலாம். 'விட்டுப்போச்சு' என்று ஒரு வார்த்தை. ஆனால் கை போன பிறகு அவனிடம் மிஞ்சியது இந்த எண்ணிக்கை ஒன்றுதானே? இதுவும் வராது என்றால் அவனைக் கூட்டிக்கொண்டு வருவதே தண்டம். மானம் பெரிதா, அவள் முகம் பெரிதா என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடப் பதில் சொல்லும். ஏணியடியில் நின்று பார்த்தால்தான் தெரியும் அந்தப் பாழாய்ப்போன மானத்தின் கனம்.

"இருபத்திமூணு."

ஸ்பிரிங்கின் சத்தம் மாறியது. கிறீச் போய், அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒன்று கேட்டது. சுவரிலிருந்து காரைத்தூள் உதிர்ந்து அவன் தலையில் விழுந்தது.

"நில்லு!" என்று கத்தினான். "எண்ணிக்கை விட்டுப்போச்சு."

வீட்டுக்காரரே வாயை மூடிக்கொண்டார்.

மேலே அவள் அசையவில்லை. முறுக்கேறிய கம்பி இரண்டு கையிலும். அதை விடவும் முடியாது, சும்மா பிடித்துக்கொண்டு வெகுநேரம் நிற்கவும் முடியாது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சு ஆச்சு" என்றாள், குரலில் ஒரு பிசிறும் இல்லாமல். "அடுத்தது இருபத்தாறு. சொல்லுங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

இருபத்தாறு, இருபத்தேழு என்று சொல்லிச் சொல்லி முப்பதுக்கு வந்தான். அவள் போல்ட்டை இறுக்கினாள், கம்பிகளை உருவினாள், இறங்கினாள். கதவை இடுப்பளவுக்குத் தூக்கிக் கையை எடுத்தாள். கதவு ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது. வீட்டுக்காரர் கைதட்டினார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"நல்லவேளை, நீயும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்த."

"எங்க எண்ணுனேன்?" உள்ளங்கைத் துருவைத் துணியில் துடைத்தாள். "மேல நிக்கும்போது எனக்கு என் பேரே ஞாபகம் வராது. எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

"அப்போ இருபத்தஞ்சுன்னியே?"

"வாய்க்கு வந்ததச் சொன்னேங்க. உங்க கை ஆடுன ஆட்டத்துல ஏணி கிடுகிடுன்னு ஆடிச்சு. கம்பி கையில இருக்கு, காலு நிக்கல. ஏதாவது ஒரு நம்பரச் சொன்னாத்தான் நீங்க அடங்குவீங்கன்னு தோணிச்சு."

அவள் வேனைக் கிளப்பினாள். தெருமுனையில் திரும்பினாள்.

"போற வழியில கயிறு வாங்கணும்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "ஏணியக் கட்ட."

கேலி இல்லை, கணக்குப்பிள்ளை என்ற பேச்சும் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"எத்தனை முழம்?" என்று கேட்டான் அவன்.