வலது மூலையில் ஒரு வட்டம்

அம்மாவின் சர்க்கரையை நூற்று ஐம்பத்தெட்டு என்று அடித்தாள்.

அம்மா எண்ணைப் பார்க்கவில்லை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி கம்ப்யூட்டர் திரையின் வலது மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறரை ஆகிவிட்டால் அம்மாவுக்கு அந்த மூலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

"அடுப்பைப் பார்த்துட்டு வரேம்மா."

அடுப்பில் ஒன்றும் இல்லை. தினமும் சொல்வதுதான்.

சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள். காலி பேட்டரியின் படம் ஒரு நொடி வந்து போனது.

காலையிலேயே சார்ஜ் போட்டிருக்க வேண்டும். எப்படியோ மறந்து தொலைத்துவிட்டாள்.

முன்பெல்லாம் இந்தப் பாடே இல்லை. அம்மாவின் சர்க்கரை, பிரஷர், மாத்திரை எல்லாம் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே எக்செல் ஃபைலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத் தம்பிக்கு மெயிலில் அனுப்புவாள். டொரான்டோவிலிருந்து ஒரு வார்த்தை பதில் வரும்.

பார்த்தேன்.

அவ்வளவுதான். வார்த்தைக்குக்கூட அப்படி ஒரு கஞ்சத்தனம். ஆனால் அதை வாசித்துக் காட்டினால் அன்றைக்கு அம்மா ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிடுவாள். மறுநாள் பால்காரரிடம்கூடச் சொல்வாள், உலகு பார்த்துட்டானாம் என்று.

தை மாசம் வந்திருந்தபோது உலகநாதன் எல்லாவற்றையும் மாற்றினான். பழைய சாஃப்ட்வேரை எடுத்தான். ஆன்லைனில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தான்.

"இந்தக் காலத்துல யாராவது ஃபைலை மெயில்ல அனுப்புவாங்களாக்கா? நீ இங்க எழுதுறப்பவே நான் அங்க பார்ப்பேன். பதில் போடுற வேலையே இல்ல."

உண்மைதான். அந்த ஒரு வேலையும் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

அவன் போய்ச் சேர்ந்த மறுநாள் ஆறரைக்கு வலது மூலையில் ஒரு பச்சை வட்டம் வந்தது. நடுவில் உ. அங்கே காலை எட்டு மணி. நான் ஷீட்டைத் திறந்தா அங்க வட்டம் வரும், அந்த வட்டம்தாம்மா நான் என்று போனில் சொன்னான். அம்மா எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளுக்கு அது பிள்ளையார் சுழி மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்க்காமல் ராச்சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள்.

பக்கத்திலேயே இன்னொரு வட்டமும் இருக்கும். நடுவில் ச. இவளுடையது. அது எந்நேரமும் அங்கேதான் கிடந்தது. அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

பச்சை வட்டம் ஒன்பது நாள் வந்தது.

பத்தாம் நாள் வரவில்லை. பதினோராம் நாளும் வரவில்லை. வேலை அதிகம் போல என்றாள் இவள். அம்மா பசியில்லை என்று தட்டைத் தள்ளி வைத்தாள். அந்த வாரத்தில் இரண்டு தடவை தலைசுற்றி விழப் பார்த்தாள்.

ஒருநாள் இவள் சர்க்கரையை வேண்டுமென்றே ஐநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டாள். பதறிக்கொண்டு கூப்பிடுவான் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மூன்று நாள் அந்த எண் அப்படியே கிடந்தது. நான்காம் நாள் தானே திருத்தினாள். திருத்தும்போது அழுகை வந்தது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பாருடா என்று கெஞ்சி வாங்குகிற பார்வை அம்மாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். ஆத்திரமும்தான்.

அன்றே தன் போனில் உலகநாதன் என்ற பெயரில் புதிதாக ஒரு அக்கவுண்ட் தொடங்கினாள். ஆறரைக்குச் சமையலறையில் நின்றபடி அதில் ஷீட்டைத் திறந்தாள். ஹாலில் வட்டம் வந்தது. நடுவில் உ.

நிறம் மட்டும் ஊதா.

கலரை மாத்திட்டான் போலம்மா என்று சமாளித்தாள். அம்மா ம் என்றாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் தவறவில்லை. தம்பியைவிட நல்ல தம்பியாக இருந்தாள்.

போனைச் சார்ஜரில் சொருகிவிட்டு ஹாலுக்கு வந்தாள். திரையில் ச மட்டும் இருந்தது. தட்டில் மூன்று இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

மீட்டிங் என்று சொல்லலாம். அங்கே இன்றைக்கு லீவு என்று சொல்லலாம்.

அம்மா மூலையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"ஏன் பாப்பா, உன் போன்ல சார்ஜ் இல்லையா?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இட்லியை அம்மா தொடவில்லை. மறுபடி அந்த மூலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சமையலறையில் போன் உயிர் வந்து டிங் என்றது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நாலு சதவீதம் ஏறியிருந்தது. ஷீட்டைத் திறந்தாள்.

ஹாலில் தட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.