லைன்ல இருங்க

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒரு அழைப்பு முடிந்த கையோடு அடுத்தது வந்து நிற்கும். மூச்சு விடக்கூட இடைவெளி கிடையாது. அதனால் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "லைன்ல இருங்க மேடம், செக் பண்ணிச் சொல்றேன்." செக் பண்ண ஒரு மண்ணும் இல்லை, பதில் திரையிலேயே இருக்கிறது. ஹோல்டு பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்கிறாள். அந்தப் பக்கம் பாட்டு ஓடும் வரைக்கும்தான் இந்தப் பக்கம் இவளுக்கு உயிர். ஏசி உறுமுகிறது. சுற்றிலும் ஒரே மாதிரிக் குரல்கள் ஒரே மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆறிப்போன டீயில் ஆடை படிந்திருக்கிறது. கண்ணை மூடுகிறாள். மூடிய இமைக்குள்ளும் திரையின் நீலம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "முடியல," என்கிறாள், தனக்குத்தானே. "சத்தியமா முடியல." மூக்கை உறிஞ்சுகிறாள்.

"என்னம்மா, அழுறியா?"

திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்கிறாள். ஹோல்டு போட்டால் மின்ன வேண்டிய விளக்கு மின்னவில்லை. பொத்தான் சரியாக அழுந்தவே இல்லை. அத்தனையும் மறுமுனையில் இருக்கும் அம்மாளுக்குக் கேட்டிருக்கிறது, பதிவாகியும் இருக்கும்.

"மெஷின் கெடக்கட்டும் விடு. நான் ஃபோனை வைக்கல. நீ பாட்டுக்குக் கொஞ்ச நேரம் சும்மா இரு, கண்ணு."

கண்ணாடி அறைக்குள் டீம் லீடர், அழைப்புகளை ஒட்டுக்கேட்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இவளையே பார்க்கிறார். அவள் நிமிர்ந்து உட்கார்கிறாள். சிரித்த முகத்தோடு பேசினால்தான் குரல் இனிக்கும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி உதட்டை விரிக்கிறாள். கன்னத்து ஈரம் இன்னும் காயவில்லை.

"காத்திருந்ததுக்கு நன்றி மேடம். உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?"