ரத்த ஓட்டம்

"'விறைப்பு நோய் ஆய்வு'ன்னு கதவுலயே எழுதி ஒட்டணுமா? போறவன் வர்றவன் எல்லாம் படிக்கவா?"

ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே அப்பா கேட்டார். மகள் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்த நாளோடு அவளிடம் பேச்சை நிறுத்தியவர்.

விடுமுறை நாளின் காலை. கட்டடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"உள்ள வாங்கப்பா. உக்காருங்க."

"உக்கார வரல."

முதுகு வளையவில்லை. கழற்றிய மேல்கோட்டை இரண்டு கைகளாலும் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆசை ஏதும் இல்லாமலே ஆணுறுப்பு விறைத்து, மணிக்கணக்கில் தணியாமல் வலிக்கும் நோய். அதற்குத்தான் அவள் மருந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றீங்க?"

"ரத்த ஓட்ட ஆராய்ச்சின்னு. நம்ம குடும்பத்துல இடுப்புக்குக் கீழ யாருக்கும் எதுவும் வந்தது கிடையாது."

"அப்ப நான் எப்படிப்பா பொறந்தேன்?"

அவர் சிரிக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். இருவருமே அதை நினைத்தார்கள்.

"தூக்கமாவது வருதா?"

"பேச ஆளில்லாத வீட்டுல தூக்கம் எங்க வரும்? டாக்டர் புது மாத்திரை குடுத்திருக்கார்."

கண்ணாடிக் குடுவையில், வெதுவெதுப்பான நீரில், முயலின் ஆணுறுப்புத் தசைத் துணுக்கு ஒன்று நூலில் தொங்கியது. அவள் மருந்தைச் சொட்டினாள். தசையின் இறுக்கத்தைக் காட்டும் திரையில் கோடு அசையவே இல்லை.

"மருந்து சரியில்லையா?"

"மருந்து நல்ல மருந்துதான். இந்தத் தசைதான் ரொம்ப நேரம் பிராணவாயு இல்லாம கெடந்துடுச்சு. இனி சொன்ன பேச்சு கேக்காது. மனுஷங்களும் இப்படித்தான். சீக்கிரம் வந்தா ஊசியிலயே சரியாயிடும். மானம் போயிடும்னு ஒளிஞ்சிருந்துட்டு, ஆயுசுக்கும் கெட்டப்புறம் வருவாங்க."

அவர் அசையாத அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டத்தானே வந்தீங்க? திட்டியாச்சு. எனக்கு வேலை இருக்குப்பா."

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போய்விட்டார். இனி எந்த வருஷமோ என்று நினைத்துத் திரும்பினாள்.

அவர் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றிருந்தார். அவர் தலை குனிந்து அவள் பார்த்ததே இல்லை.

"வேற யார்கிட்டயும் சொல்ல முடியல." மேல்கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அந்த மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தேன்... விடிஞ்சதுலேர்ந்து எனக்கும் ரத்த ஓட்டம்தாம்மா."