எட்டி நின்ற அத்தை

"ஏஞ் சாமி, அந்த ரேடியேசன் பட்ட பண்டம் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஆகாதாமா?"

சமையலறைக்குள் வராமல், வாசற்படியிலேயே நின்று மகனைக் கேட்டாள் குழந்தையம்மாள். உள்ளே மருமகள் லோகப்பிரியா மைக்ரோவேவ் அடுப்பில் பால் சூடாக்கிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. துடியலூரில் அந்தத் தெருவுக்கே முதல் மைக்ரோவேவ் அது. கருமத்தம்பட்டியிலிருந்து அவள் அப்பா சீராக அனுப்பியது.

"பண்டத்துல ஒன்னும் தங்காதுங்கம்மா," என்றான் கிருபாசங்கர். "கதவுல எவ்வளவு கசியலாம்னுகூட அளவு வெச்சிருக்கறாங்க."

"அமெரிக்காக்காரன் பரவால்லைங்கற அளவ ரஷ்யாக்காரன் ஆகாதுங்கறானாமே. தம்பிதுரை மாமன் சொன்னாரு."

"மாமனுக்கு டீக்கடைப் பேப்பர்தான் காலேஜுங்க."

"அவனுகளும் படிச்சவனுகதான? அப்புறம் ஏன் ஆளுக்கொரு அளவு?"

கிருபாசங்கர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டான். "வாரேனுங்க" என்று பம்ப் கம்பெனிக்கு நழுவினான்.

உள்ளே லோகப்பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த அடுப்பு வந்த சமயத்தில்தான் அத்தை மாறிப்போனாள். அதுவரை மருமகளுக்குத் தலைவாரிவிட்டு, வயிற்றைத் தொட்டுச் சாமி கும்பிட்டவள். இப்போது கோனியம்மனுக்கு வேண்டுதல் என்று தினமும் டவுனுக்குப் பஸ் ஏறுகிறாள். வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய். நாளை வளைகாப்பு. முதல் வளையலை நீங்கள்தான் போட வேண்டும் என்றதற்கு, "உங்கம்மா போடட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா கொடுத்த பொருள் ஆகவில்லை. அதோடு நானும் ஆகாதவளாகிவிட்டேன் என்றுதான் லோகப்பிரியாவுக்குப் பட்டது.

மத்தியானமே அடுப்பை வண்டியில் ஏற்றிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சாயங்காலம் அத்தை வந்ததும் வெறும் மேடையைக் காட்டினாள்.

"பொட்டிய அனுப்பிச்சுப் போட்டேனுங்க அத்தை. இனியாச்சும் பக்கத்துல வாங்க. நாளைக்கு ஒத்த வளையல் மட்டும் போட்டு உடுங்க."

கையை நீட்டியபடி அருகே போனாள். குழந்தையம்மாள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேண்டாங் கண்ணு. அங்கயே நில்லு."

"நான் அப்படி என்ன தப்புச் செஞ்சு போட்டேனுங்க?"

அந்தக் கேள்வியை மட்டும் அத்தையால் தாங்க முடியவில்லை. முந்தானையைச் சற்றே விலக்கினாள். கழுத்துக்குக் கீழே, கருகிய தோலின் மேல் ஊதா மையில் கட்டம் வரைந்திருந்தது.

"ஆசுபத்திரில என்ற மார்க்கட்டிக்கு நெதமும் வெக்கற கரண்டுக்கும் ரேடியேசன்னுதான் பேராமா, அம்மணி. உன்ற பொட்டிக்கு நான் பயப்படுல. வயித்துப் புள்ளைக்கு என்ற ஒடம்புதான் ஆகாது."